மூன்றாம் ஓலை

ஜனவரி 4, வெள்ளி

புதுவருஷ ஆராதனை முடிந்ததும் கோவிலில் கொடுத்த டைரி இது. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரு வேதாகம வசனத்தை வாக்குத்தத்தமாக அச்சடித்திருக்கிறார்கள். அது போக எழுத மிஞ்சுவது பத்து வரி. முப்பத்தோரு வருஷம் தையல் டீச்சராகப் பாடக்குறிப்பு எழுதிய கை, ஓய்வுபெற்ற பிறகும் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. பத்து வரி போதாவிட்டால் அடுத்த நாளின் இடத்தையும் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். அடுத்த நாள் எனக்கு என்ன பெரிதாக நடந்துவிடப் போகிறது?

ஒன்று நடக்கப் போகிறது. என் ஒரே மகன் ஆசீருக்கு இரண்டாம் கல்யாணம். 30-ஆம் தேதி, புதன்கிழமை. பெண் ஆனந்தவிளை எப்சிபா. எல்லாரும் எப்சி என்கிறார்கள். தகப்பன் இல்லாத பிள்ளை, நர்சரி பள்ளிக்கூடத்தில் வேலை, இருபத்தைந்து வயது. ஆசீருக்கு முப்பத்தாறு. மூத்த தாரம் பெர்சிஸ் குளியலறையில் வழுக்கி விழுந்து இறந்து மூன்று வருஷம் ஆகிறது.

இன்று அரிசி புடைத்தேன். குளியலறையைத் தேய்த்துக் கழுவினேன்.

ஜனவரி 6, ஞாயிறு

முதலாம் ஓலை வாசித்தாயிற்று. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு சபையில் வாசிக்கிற அறிவிப்புக்கு ஓலை என்று பேர், ஐயர் கையில் இருப்பதென்னவோ கம்ப்யூட்டர் தாள். (வேதக்கோவில் குருவானவரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம். வெளியூரிலிருந்து வந்த ஆசீரின் சிநேகிதன் ஒருவன் அதைக் கேட்டுவிட்டுப் பூணூலைத் தேடினான்.) கிருபாபுரம் ஆசீருக்கும் ஆனந்தவிளை எப்சிபாவுக்கும் விவாகம் நிச்சயித்திருக்கிறது, இதற்குத் தடை உண்டென்று அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று வாசித்துவிட்டு, ஐந்து எண்ணும் நேரம் நிறுத்தினார். பெண்ணின் ஊர்க் கோவிலிலும் இதே நேரத்தில் வாசித்திருப்பார்கள். அறுபத்து நாலு வருஷமாக இந்த நிறுத்தத்தைக் கேட்டு வருகிறேன். இருமுகிறவர்கள் இருமிக்கொள்வார்கள், அவ்வளவுதான். யாரும் எதையும் தெரிவித்துப் பார்த்ததில்லை.

ஆசீர் பாடகர் குழுவின் முன்வரிசையில் நின்றான். என் பிள்ளை பாடினால் கர்த்தரே கொஞ்சம் முன்னால் சாய்ந்து கேட்பார் என்று ஐயர் அடிக்கடி சொல்வார். பள்ளிக்கூடத்தில் நல்ல வாத்தியார் என்று பெயர். கோவிலின் சேகரக் கமிட்டியிலும் இருக்கிறான். ஆராதனை முடிந்ததும் பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, பாவம் தனிமரமாக நின்ற பிள்ளைக்கு ஒரு துணை வருகிறது என்று கண்ணைத் துடைத்தார்கள். நானும் துடைத்தேன்.

ஜனவரி 7, திங்கள்

ஆசீர் முறுக்கு வாங்கி வந்தான். எனக்குக் கடிக்க வராதென்று அவனே இடித்துப் பாலில் ஊறப்போட்டுத் தந்தான்.

ஜனவரி 8, செவ்வாய்

எப்சி போன் பண்ணினாள். கடகடவென்று பேசுகிற பெண். இட்லிக்கு எவ்வளவு உளுந்து போடுவீர்கள், வீட்டில் பூனை உண்டா என்றெல்லாம் கேட்டாள். கடைசியில் குரலை இறக்கி, "அத்தை, அவங்க கோவக்காரங்களா?" என்றாள்.

தங்கமான பிள்ளை என்று சொன்னேன். ஆம்பிளை என்றால் கொஞ்சம் கோபம் இருக்கும், நாம் பார்த்து நடந்துகொள்ள வேண்டியதுதான் என்றும் சொன்னேன். சரி அத்தை என்றாள்.

கோவிலின் பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து ஆள் வந்தது. 19-ஆம் தேதிக் கூட்டத்தில் நான் பேச வேண்டுமாம். தலைப்பு, விசுவாசமும் கிரியையும்; நம்பினால் போதாது, செய்கையிலும் காட்ட வேண்டும் என்பது. எத்தனையோ தரம் பேசிய தலைப்பு. எனக்குத் தூக்கத்தில் வரும்.

ஜனவரி 10, வியாழன்

கல்யாணச் சேலை எடுக்கத் திருநெல்வேலி போனோம். நான், ஆசீர், எப்சி, அவள் அம்மா கிரேஸ்மணி. எப்சிக்கு இளநீலத்தில் ஒரு பட்டு பிடித்துப்போனது. மடியில் விரித்து வைத்துக்கொண்டு விடவே இல்லை. ஆசீர் வெள்ளைதான் என்றான். அவள் சிரித்துக்கொண்டே, உங்களுக்கு வேண்டுமானால் வெள்ளை வேட்டி எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். கடைப்பையன்கள் சிரித்தார்கள். ஆசீரும் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும்.

வெள்ளைதான் எடுத்தோம்.

கிரேஸ்மணியும் நானும் காபி குடிக்க உட்கார்ந்தோம். அவர்கள் இரண்டு பேரும் ரவிக்கைத் துணி பார்க்கப் போய்த் திரும்பினார்கள். எப்சி வலது கையில் போட்டு வந்த கண்ணாடி வளையல் மூன்றும் இல்லை. மணிக்கட்டில் கீறி ரத்தம் கசிந்திருந்தது. கைக்குட்டையால் சுற்றியிருந்தாள். என்னவென்று அவள் அம்மா பதறினாள்.

"படியில வழுக்கிட்டேம்மா" என்றாள் எப்சி.

ஜனவரி 11, வெள்ளி

நேற்றிலிருந்து அந்த ஒரு வார்த்தை காதுக்குள்ளேயே கிடக்கிறது. இன்று ரசத்துக்கு உப்பை இரண்டு தரம் போட்டேன்.

இந்த வீட்டில் எல்லாருக்கும் வழுக்கும். நான் கல்யாணமாகி வந்த இரண்டாம் மாதம் என் கன்னம் வீங்கியது. யாரும் கேட்டால் வழுக்கி விழுந்தேன் என்று சொல், குடும்பத்து மானம் என்று என் மாமியார் சொன்னார். சொன்னேன். ஆசீரின் அப்பா பதினெட்டு வருஷம் சபைக் கணக்கராக இருந்தார். அவர் கல்லறையில் உத்தம ஊழியன் என்று வெட்டியிருக்கிறது. எனக்கு வழுக்கியதை யார் வெட்டி வைப்பார்கள்?

பெர்சிஸ் வந்த நாலாம் மாதம் அவள் உதடு கிழிந்தது. ஐஸ் வைத்துவிட்டு நான் அவளுக்கு அதே பாடத்தைச் சொல்லிக்கொடுத்தேன். ஜெபம் பண்ணு, சரியாகிவிடும் என்றும் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு பழகிவிட்டாள். நல்ல மாணவி.

எப்சிக்கு நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளாகவே கற்றுக்கொண்டாள்.

ஜனவரி 12, சனி

கல்யாணத்தைக் கொஞ்சம் தள்ளிப்போட்டால் என்ன என்று ஆசீரிடம் கேட்டேன்.

இடது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. வழுக்கினேன்.

ஜனவரி 13, ஞாயிறு

இரண்டாம் ஓலை. தடை உண்டென்று அறிந்தவர்கள் என்று ஐயர் சொன்னதும் எழுந்து நின்றேன். எப்படி நின்றேன் என்று எனக்கே தெரியாது. வாயைத் திறக்குமுன் பக்கத்திலிருந்த சொர்ணம், "டீச்சருக்குத் தலை சுத்துது, பிடிங்க" என்று என் தோளை அமுக்கினாள். நாலு பேர் சேர்ந்து உட்கார வைத்தார்கள். ஒருத்தி பாட்டுப் புத்தகத்தால் விசிறினாள். இன்னொருத்தி தண்ணீர் பாட்டிலை வாயில் திணித்தாள். பெற்ற தாய் மகனின் ஓலைக்குத் தடை சொல்ல எழுவாள் என்று இந்தச் சபையில் எவளுக்குத் தோன்றும்? மயக்கம்தான் தோன்றும். நான் தண்ணீரை விழுங்கி முடிக்குமுன் ஐயர் அடுத்த ஓலைக்குப் போய்விட்டார்.

விட்டுவிடவில்லை. ஆராதனை முடிந்து அவர் அங்கி மாற்றும் அறைக்குப் போனேன். இந்தக் கல்யாணத்துக்குத் தடை இருக்கிறது என்றேன். அவர் பொறுமையாக நாற்காலி போட்டு, விரலை மடக்கி எண்ணிச் சொன்னார். வயது குறைவு. விலக்கப்பட்ட உறவுமுறை. பெண்ணுக்கோ மாப்பிள்ளைக்கோ சம்மதமில்லாமை. முதல் துணை உயிரோடு இருப்பது.

"இதுல எது டீச்சர்?"

எதுவும் இல்லை.

"அவன் பெர்சிஸ அடிச்சான் ஐயா."

"பெர்சிஸ் இப்ப இல்லியே டீச்சர்" என்றார் ஐயர். கேலியாகச் சொல்லவில்லை. சட்டத்தைத்தான் சொன்னார்.

அடக்க ஆராதனையில் நீங்கள் சொன்னதை வைத்துத்தானே நான் பிரசங்கம் பண்ணினேன், அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லையே என்று கேட்டார். மகன் கைவிட்டுப் போகிற வயதில் தாய்மாருக்கு மனக்குழப்பம் வருவது இயல்பு என்றார். ஜெபிப்போம் என்று கண்ணை மூடினார். நான் மூடவில்லை. அவருடைய மூக்குக்கண்ணாடித் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவரிடமும் பாதியைத்தான் சொன்னேன்.

ஜனவரி 14, திங்கள்

பெர்சிஸ் உயிரோடு இருந்திருந்தால் அது தடை. செத்துப்போனதால் தடை இல்லை. இதை மாவரைத்துக்கொண்டே நூறு தரம் சொல்லிப் பார்த்தேன். எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் சட்டம் சரியாகத்தான் இருக்கிறது.

ஜனவரி 15, செவ்வாய்

பொங்கல். பக்கத்து வீட்டிலிருந்து கரும்பு வந்தது. ஐயர் ஆசீரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார், பக்குவமாக நடந்துகொள் என்ற நல்லெண்ணத்தில். ஆசீர் என்னிடம் பேசவில்லை. என் போனை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டான்.

ஜனவரி 16, புதன்

ஐக்கிய சங்கத்துப் பெண்கள் ஒன்பது பேர் எனக்காக ஜெபிக்க வந்தார்கள். சுற்றி நின்று என் தலையில் கை வைத்தார்கள். ஒன்பது பேர் கையின் பாரத்தில் கழுத்து வலித்தது. பொறாமையின் ஆவி இந்தத் தாயை விட்டுப் போகட்டும் என்று ஒருத்தி சத்தமாகக் கேட்டுக்கொண்டாள். எந்த ஆவியும் போகவில்லை. டீயும் வாழைக்காய் பஜ்ஜியும்தான் போயின. 19-ஆம் தேதி நான் பேச வேண்டாமாம், ஓய்வெடுக்க வேண்டுமாம்.

முப்பது வருஷமாக நானும் இப்படித்தான் வீடு வீடாகப் போய்ப் பஜ்ஜி தின்றேன். எத்தனை வீட்டில் எத்தனை பேருக்கு வழுக்கியதோ. ஒருத்தியிடமும் ஒரு கேள்வி கேட்டதில்லை. கேட்கவே கூடாது என்றுதான் அத்தனை சத்தமாக ஜெபித்தோமோ என்னவோ.

ஜனவரி 17, வியாழன்

ஆசீர் பள்ளிக்கூடம் போனதும் பின்வாசல் வழியாகக் கிளம்பி இரண்டு பஸ் மாறி ஆனந்தவிளை போனேன். இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று கிரேஸ்மணியிடம் சொன்னேன். என் பிள்ளை கை ஓங்குகிறவன், பெர்சிஸை அடித்துக்கொண்டிருந்தான் என்றேன். இங்கேயும் அந்தப் பாதிதான்.

கிரேஸ்மணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"மூத்தவளப் படுத்துன பாடு நீங்க படுத்துனதுன்னுதான் ஊரே சொல்லுது. இப்ப எம் மவ வாழ வார நேரத்துல மவன் மேலயே பழியப் போடுதியளாக்கும்? மாப்பிள்ளை எல்லாம் சொல்லியாச்சு. தனி வீடும் பாத்தாச்சு."

இது எனக்குப் புதிது. ஊர் என்னைத்தான் சொல்லிக்கொண்டிருந்ததா? மூன்று வருஷமாக என் கையைப் பிடித்துக் கண்ணைத் துடைத்த அத்தனை பேரும் வீட்டுக்குப் போய் இதைத்தான் பேசினார்களா? கோபம் வந்தது. பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து யோசித்தபோது கோபப்பட எனக்கு அருகதை இல்லை என்று தெரிந்தது. ஊர் சொன்னது முழுக்கத் தப்பும் இல்லை.

எப்சி பஸ் ஸ்டாப் வரை கூடவே வந்தாள். "நாந்தான் அத்தை அவங்க கைய உதறுனேன். அதான் வளையல் ஒடைஞ்சுட்டு. அவங்க மேல தப்பு இல்ல" என்றாள். முகத்தில் சிரிப்பு இல்லை. பஸ் வரும் வரை இட்லி, உளுந்து, பூனை எதைப் பற்றியும் கேட்கவில்லை.

ஜனவரி 19, சனி

இன்று கூட்டத்தில் எனக்குப் பதிலாக வேறொருவர் விசுவாசமும் கிரியையும் பற்றிப் பேசினார்களாம். நன்றாக இருந்ததாம்.

பாதி சொன்னால் யாருக்கும் பாதி கூடக் கேட்பதில்லை. மீதியை முதலில் இங்கே எழுதிப் பார்க்கிறேன். கை ஒத்துழைக்கிறதா பார்ப்போம்.

பெர்சிஸின் அப்பா ஊர்க் கோவிலில் அசனப் பண்டிகை. ஊரே கூடிச் சமைத்து ஒரே பந்தியாக உட்கார்ந்து சாப்பிடுகிற நாள். அவள் போக வேண்டும் என்றாள். ஆசீர் வேண்டாம் என்றான். முந்தின வருஷமும் போகவில்லையே என்று அவள் சொன்னாள், அவ்வளவுதான் சொன்னாள். குளியலறைக்குள் துணி துவைக்கிற கல் இருக்கிறது. சமையலறை வாசலில் உட்கார்ந்து நான் சீனியவரைக்காய் கிள்ளிக்கொண்டிருந்தேன். அங்கிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும். அவள் தலைமுடியைப் பிடித்துக் கல்லில் மோதினான். ஒரு தரம் இல்லை. மூன்று தரம்.

சத்தம் நின்ற பிறகும் நான் சீனியவரைக்காய் கிள்ளினேன். நாலைந்து கிள்ளியிருப்பேன். அப்புறம்தான் எழுந்தேன்.

தரை ஈரமாக இருந்தது. பாசி இல்லை. நான் தினமும் கழுவுகிற தரை. பாசி வழுக்கிவிட்டது என்று டாக்டரிடம் சொன்னேன். விசாரிக்க வந்த போலீஸ்காரரிடமும் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து அழகாக இருக்கும். டீச்சரே சொல்கிறார்கள் என்று அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. பெர்சிஸ் இரண்டு நாள் கண் திறக்காமல் கிடந்து போய்விட்டாள்.

எழுதிவிட்டேன். வாய்க்கு வருமா என்று நாளைக்குத் தெரியும்.

ஜனவரி 20, ஞாயிறு

மூன்றாம் ஓலை. இன்று கிருபாபுரத்தில் என்னைச் சுற்றி நாலு பெண்கள் உட்காருவார்கள் என்று சொர்ணம் நேற்றே சொல்லிவிட்டாள், அன்பாகத்தான். ஆகவே ஆசீர் பாடல் பயிற்சிக்குப் புறப்பட்டுப் போனதும் நான் பஸ் ஏறினேன். ஆனந்தவிளையிலும் இன்றுதானே மூன்றாம் ஓலை.

ஆபத்தில் கர்த்தர் பெலன் தருவார் என்று எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். எனக்குத் தரவில்லை. பஸ்ஸில் கேட்டேன். கோவில் வாசலில் கேட்டேன். பெலன் இல்லாமலேதான் உள்ளே போனேன். முதல் பெஞ்சில், யாரும் தோளைப் பிடிக்க எட்டாத ஓரத்தில் உட்கார்ந்தேன். கிரேஸ்மணி என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எப்சி பாடுகிறவர்களோடு இருந்தாள்.

அங்கே, ஐயர் வராத ஞாயிறுகளில் ஆராதனை நடத்துகிற உபதேசியார்தான் ஓலை வாசித்தார். வயதான மனுஷர், எழுத்துக்கூட்டி வாசிப்பார். தடை உண்டென்று அறிந்தவர்கள் என்று அவர் முடிக்கவில்லை. நான் எழுந்துவிட்டேன்.

"நான் மாப்பிள்ளைக்கு அம்மா. எனக்கு மயக்கம் ஒண்ணும் இல்ல, யாரும் தண்ணி குடுக்க வேண்டாம்" என்றேன். இதைத்தான் முதலில் சொன்னேன். எவ்வளவு அசட்டுத்தனம்.

உபதேசியார் தாளைக் கீழே வைத்தார். என்ன தடை என்று கேட்டார். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. "அம்மா, இது ஓலைக்குத் தடையில வராதே" என்றார், பரிதாபமாக.

"சட்டத்துல வராட்டாப் போவுது. நான் அந்தப் பிள்ளைகிட்டச் சொல்லுதேன். அது கேக்கட்டும்."

எப்சியைப் பார்த்துத் திரும்பினேன். "ஏட்டி எப்சி, பெர்சிஸ் வழுக்கி விழல. எம் மவன் அவ தலையக் கல்லுல மோதிக் கொன்னான். நான் பாத்துக்கிட்டு இருந்தேன். போலீஸ்ல நான் சொன்னது பொய்."

கிரேஸ்மணி பெஞ்சைத் தள்ளிக்கொண்டு வந்து என்னைப் பிடித்து உலுக்கினாள். சண்டாளி என்றாள். இன்னும் என்னென்னவோ சொன்னாள், எல்லாம் தகும். யாரோ என்னை வெளியே கொண்டுவிட்டார்கள். எப்சி உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். அழவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. ரவிக்கைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட முயன்றுகொண்டிருந்தாள். அது எட்டவில்லை.

விசாரணை முடியும் வரை ஓலை நிறுத்தி வைக்கப்படுகிறது என்று உபதேசியார் உள்ளே சொல்வது வாசலில் கேட்டது.

ஜனவரி 21, திங்கள்

கல்யாணம் நின்றுவிட்டது. வெள்ளைச் சேலை பெட்டியோடு திரும்பி வந்தது. கொண்டுவந்த ஆட்டோக்காரர் வாசலில் வைத்துவிட்டு வண்டியைத் திருப்பினார்.

ஆசீர் அடிப்பான் என்று காத்திருந்தேன். அடிக்கவில்லை. என் காலடியில் உட்கார்ந்து மடியில் தலையை வைத்துக்கொண்டு அழுதான். சின்ன வயதில் அப்பாவிடம் அடி வாங்கிவிட்டு இப்படித்தான் வந்து படுப்பான்.

"எம்மா, ஐயர்ட்டப் போயி, புத்தி கலங்கிச் சொல்லிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லும்மா. ஒரே ஒரு வார்த்தை. ஒனக்கு என்னைய விட்டா யாரு இருக்கா? எனக்கும் யாரு இருக்கா?"

தலையைத் தடவிக் கொடுத்தேன். உச்சியில் நரைக்க ஆரம்பித்திருக்கிறது. சரி என்று சொல்ல வாய் வந்துவிட்டது. அதை மறைத்து என்ன ஆகப் போகிறது? வந்தது. கல்யாணம்தான் நின்றுவிட்டதே, அந்தப் பிள்ளை தப்பிவிட்டாளே, இனி இவனையாவது காப்பாற்றினால் என்ன என்று தோன்றியது.

கடைசியாக ஒன்று கேட்டேன். "பெர்சிஸ நெனைச்சு என்னைக்காவது இப்படி அழுதிருக்கியால?"

தலையைத் தூக்கினான். நான் கேட்டது அவனுக்கு விளங்கவே இல்லை. "அவ வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்லா" என்றான்.

மடியிலிருந்து அவன் தலையை எடுத்து வைத்தேன்.

ஜனவரி 22, செவ்வாய்

முள்ளிவிளைக்குப் போனேன். பெர்சிஸின் அப்பா ஞானதிரவியம் அங்கே தனியாக இருக்கிறார். தபால்காரராக இருந்து ஓய்வுபெற்றவர். மகள் போன மறுவருஷம் மனைவியும் போய்விட்டார். ஆனந்தவிளையில் நடந்தது இன்னும் அவர் காதுக்கு வரவில்லை. வாங்க டீச்சர் என்று எழுந்து, நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டார். கடுங்காப்பி போட அடுப்பைப் பற்ற வைத்தார்.

காப்பி கொதிப்பதற்குள் சொல்லிவிட்டேன். நின்றுகொண்டே சொன்னேன். சீனியவரைக்காயையும் விடவில்லை.

அவர் அடுப்பை அணைத்தார். என்னை அடித்திருந்தால் வாங்கியிருப்பேன். அவர் குரலைக்கூட உயர்த்தவில்லை.

"மூணு வருசமும் கிறிஸ்துமசுக்கு நீங்க கேக் குடுத்துவிட்டிய. மொத வருசம், பாவம், அவ்வொளுக்கும் துக்கம்தானேன்னு சொல்லி எம் பொண்டாட்டி ஒங்களுக்காக ஜெபம் பண்ணிட்டுத்தான் எனக்கு வெட்டித் தந்தா. நாங்க தின்னோம் டீச்சர்."

மன்னிப்புக் கேட்கலாம் என்று ஒரு வாக்கியம் யோசித்துக்கொண்டு போயிருந்தேன். அதை வாயில் எடுக்கவில்லை. எடுக்க வெட்கமாக இருந்தது.

அவர் செருப்பைப் போட்டுக்கொண்டார். "வாங்க, ஸ்டேஷனுக்குப் போவோம்" என்றார். பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இடம் இருந்தும் அவர் நின்றுகொண்டே வந்தார்.

இன்ஸ்பெக்டர் இளவயதுக்காரர். மூன்று வருஷம் கழித்து ஏன் இப்போது என்று கேட்டார். ஓலை வாசித்ததைச் சொன்னேன், அவருக்குப் புரியவில்லை. பொய் வாக்குமூலம் கொடுத்ததற்கு உங்கள் மேலும் கேஸ் வரும், கோர்ட்டில் எது நிற்கும் எது நிற்காது என்று சொல்ல முடியாது, யோசித்துக் கையெழுத்துப் போடுங்கள் என்றார். யோசிக்கிற அளவுக்கு எனக்குத் தெம்பு இல்லை, போட்டுவிட்டேன். ஞானதிரவியம் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும் எதிர்ப்பக்கம் பஸ்ஸுக்கு நடந்துவிட்டார்.

ஜனவரி 23, புதன்

கோவிலிலிருந்து யாரும் வரவில்லை. பால்காரர் பாத்திரத்தில் ஊற்றாமல் படியில் பாக்கெட்டை வைத்துவிட்டுப் போகிறார்.

ஜனவரி 24, வியாழன்

காலை எட்டரைக்குப் போலீஸ்காரர்கள் வந்தார்கள். விசாரணைக்கு என்றார்கள். ஆசீர் பள்ளிக்கூடம் கிளம்பத் தயாராக நின்றான். நேற்றும் முந்தா நாளும் என்னிடம் ஒரு பேச்சும் இல்லை. அவன் ஓடவில்லை, கத்தவில்லை. சட்டைக் கையை மடக்கிவிட்டுக்கொண்டு அவர்களோடு முற்றத்தில் இறங்கினான். பக்கத்து வீட்டு ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன.

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னைச் சபித்துவிட்டுப் போவான் என்று எதிர்பார்த்தேன். பெற்ற பிள்ளையைக் காட்டிக்கொடுத்தவளே என்று ஊர் கேட்கச் சொல்லுவான், நானும் கேட்டுக்கொள்வேன் என்று மனசைத் தயாராக்கி வைத்திருந்தேன்.

ஜீப்பில் ஏறுமுன் திரும்பினான்.

"எம்மா, பிரஷர் மாத்திரை நாளைக்கு மட்டுந்தான் இருக்கு. யார்ட்டயாவது சொல்லி வாங்கி வச்சுக்கோ" என்றான்.

திட்டிவிட்டுப் போயிருக்கலாம்.